கடல் மணலில் வெந்த கேக்

அம்மா சுரக்குடியில் பிறந்தார். தாத்தா அங்கே சொந்தமாகக் கொஞ்சமும் குத்தகைக்குக் கொஞ்சமும் சாகுபடி செய்தவர். பிறந்த பெண்களில் அம்மாதான் மூத்தவர். திருநள்ளாறு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் எட்டாம் வகுப்பு வரை படித்தார். அதற்கு மேல் படிக்க வைக்க வசதியில்லை என்று சொன்னார்கள். அடுத்த வருடமே கல்யாணம் செய்து வைக்க வசதி வந்துவிட்டது.

அப்பா காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தார். எழுத்தரின் சம்பளத்தில் குடும்பம் நடத்திய எல்லாப் பெண்களையும் போலத்தான் அம்மாவும் நடத்தினார். தீப்பெட்டியை மிச்சம் பிடிக்க அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து கங்கு வாங்கி வருவார். எங்கள் கிழிந்த பாவாடை தலையணை உறையாகும், தலையணை உறை கரித்துணியாகும், கரித்துணி கடைசியில் அடுப்புக்குள் போகும். அவரிடமிருந்து எதுவும் முழு ஆயுள் முடியாமல் தப்பியதில்லை.

அம்மாவின் தலைத் திதிக்கு நாங்கள் போடும் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி என் தம்பி வந்தபோது, "நீதான்க்கா காலமெல்லாம் ஆபீஸ்ல நோட்டு எழுதினவ. அம்மாவப் பத்தி நாலு பக்கம் எழுத மாட்டியா?" என்றான். எழுதலாம். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவளுக்கு எந்தத் தாளை எதன் மேல் வைத்துத் தைப்பது என்று தெரியும். ஆனால் அம்மா என்று தலைப்பிட்டு உட்கார்ந்தால் முதலில் வருவது அவருடைய பொறுமையோ தெய்வ பக்தியோ அல்ல. ஒரு கேக்தான் வருகிறது. அதோடு சேர்ந்து வெட்கமும் வருகிறது. உறவினர்களில் பலருக்கு அந்தக் கேக்கைப் பற்றி அரைகுறையாகத் தெரியும். முழுதாகத் தெரிந்துகொள்வதே மரியாதை என்று நினைத்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மீன், கறி, முட்டை எதுவும் நுழையாது. ஆனால் ஊர் கடற்கரை ஊர். காற்று திரும்பினால் மணலில் கருவாடு காயப் போட்ட வாடை தெரு முழுக்க வரும். சுரக்குடியிலிருந்து வந்த புதிதில் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாராம். பிறகு அவருக்கும் பழகிவிட்டது. காரைக்காலிலேயே பிறந்த எனக்கும் தம்பிக்கும் அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாது. காற்று என்றால் அப்படித்தான் இருக்கும் என்று வளர்ந்தோம்.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. சில தெரு தள்ளித்தான் புகுந்த வீடு. எங்கள் உறவு முறைதான். ஆனால் என் மாமனார் சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்துவிட்டு, பிரெஞ்சுப் பென்சனோடு ஊர் திரும்பியவர். உத்தியோகத்தோடு சாப்பாடும் மாறிவிட்டது. தெருவில் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வீட்டில் தீபாவளியை விட ஜனவரி ஒன்று பெரிய நாள். வருகிறவர்களை எல்லாம் "போனன்னே, போனன்னே" என்று பிரெஞ்சில் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்கி வரவேற்பார். கேக் வெட்டுவார். ஆண்களுக்குப் பின்கட்டில் பிராந்தி இருக்கும்.

இதை நான் ஒருநாள் பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். தலைத் தீபாவளி, தலைப் பொங்கல் என்று சீர் வைக்கிற கை, 'தலை ஜனவரி' ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

"அவங்க வீட்டுல அதுதான் பெரிய நாளாம். அன்னைக்கி வெறுங்கையோட இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் அம்மா.

"ரொட்டிக் கடையில ஒரு கேக்கு வாங்கிட்டாப் போச்சு" என்றார் அப்பா.

"கடைக் கேக்குல முட்ட இருக்குங்க. நம்ம கையால தொட்டுத் தட்டுல வைக்க வேணாமா?"

முட்டை ஒரு காரணம். விலை இன்னொரு காரணம். அம்மா முதல் காரணத்தை மட்டும் சொன்னார்.

அடுத்த வீட்டில் ஒரு டீச்சர் குடியிருந்தார். முட்டைக்குப் பதில் தயிரும் ஆப்பசோடாவும் போடலாம், 'அவன்' அடுப்பு இல்லாத வீட்டில் அண்டாவில் மணலைக் கொட்டிக் காயவைத்து, மாவு ஊற்றிய டின்னை அதற்குள் வைத்து மூடி, மூடிமேல் கங்கு பரப்பினால் வேகும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். எந்த மணல் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

"ஆத்து மணல் வண்டிக்காரன் மூட்டைக்கி என்ன கேக்குறான் தெரியுமா?" என்றார் அப்பா. "இவ்ளோ பெரிய கடல வச்சுக்கிட்டு மணலுக்குப் போயி யாராச்சும் காசு குடுப்பானா?" சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். கேரியரில் சாக்கோடு, பெரிய காரியம் முடித்த முகத்தோடு திரும்பினார்.

அன்று நானும் அம்மா வீட்டில்தான் இருந்தேன். பால் பவுடர் டின்னில் மாவு ஊற்றி, மணல் அண்டாவில் இறக்கி, மூடினோம். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க ஒரு வாசனை எழுந்தது. "ஒரு மாதிரியா மணக்குதேம்மா" என்றான் தம்பி. "எசன்ஸ் வாசன அப்படித்தான்டா இருக்கும். கேக்குன்னா சாம்பார் மாதிரியா மணக்கும்?" என்றார் அம்மா. நானும் மோந்து பார்த்தேன். எனக்கு அது நன்றாகவே பட்டது. கேக் சாப்பிட்டு வளர்ந்திருந்தாலோ மீன் சாப்பிட்டு வளர்ந்திருந்தாலோ எங்களில் ஒருவராவது கண்டுபிடித்திருப்போம். இரண்டும் இல்லாத குடும்பம்.

ஜனவரி ஒன்றாம் தேதி காலை, வெற்றிலை, பாக்கு, பூ, வாழைப்பழம் எல்லாம் வைத்த தாம்பாளத்தின் நடுவே அந்தக் கேக் என் புகுந்த வீட்டுக்குப் போனது. சீர் என்பதால் அம்மா அதன் உச்சியில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார். கூடம் நிறைய விருந்தாளிகள். என் மாமனார் எழுந்து வந்து அம்மாவையும் அப்பாவையும் வரவேற்றார். குங்குமத்தைச் சுற்றிப் பதமாகக் கத்தி வைத்து, ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

"அடடே! சம்பந்தியம்மா, நீங்க சுத்த சைவம்னு சொல்லித்தான பொண்ணக் குடுத்தீங்க? கேக்குல கருவாடு மணக்குதே!"

கூடத்தில் ஒரு குரல், "சைவக் கருவாடா இருக்கும், முசே!" என்றது.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்" என்று என் மாமியார் அதட்டினார். அதற்குள் கூடமே சிரித்துவிட்டது.

எல்லோரும் சிரித்ததால் அது பாராட்டு என்று நினைத்து அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை நான் பார்த்தேன். அப்பா தன் செருப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவது போலத் தரையைப் பார்த்தார். நான் வெந்நீரில் நிற்பது போல நின்றேன். என்னைப் பெற்றவர்களுக்காக வெட்கப்பட்டேனா, என்னைப் பெற்றவர்களைப் பார்த்து வெட்கப்பட்டேனா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. பிறகு பல முறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவதுதான் மிஞ்சுகிறது.

"நாங்க வர்றோங்க" என்றார் அம்மா. பலகாரம் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

மறுநாள் அம்மா வெறும் மணலை மட்டும் அண்டாவில் போட்டுக் காயவைத்தார். மாவில்லை, டின் இல்லை. அதே வாசனை எழுந்தது. அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஏங்க, இங்க வந்து மோந்து பாருங்க."

அப்பா மோந்து பார்த்தார். மணல் ஆறியதும் சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்து, கடற்கரைக்கே கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மணல் என்ற சொல் வந்தாலே அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

அன்றைக்குத்தான் அம்மா சொன்னார்: "அவர் வாயாலயே நல்லாருக்குன்னு சொல்ற மாதிரி ஒரு கேக்கோடதான் இனிமே அந்த வீட்டுப் படி ஏறுவேன். அதுவரைக்கும் நானும் அத வாயில வைக்க மாட்டேன்." எங்கள் அம்மா சத்தம் போட்டுச் சொல்லும் பெண் அல்ல. அரிசி களைந்துகொண்டே சொன்னார். அதனால்தான் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வந்தவை சோதனை வருடங்கள். அரசலாற்று மணல் வந்தது. அதை அரிசி போலக் களைந்து வெயிலில் காயவைத்தார். வாடை போனது, ஆனால் கேக் எழும்பவில்லை. ரேஷன் சர்க்கரை கல் கல்லாக இருந்ததால் மாவில் கரையவில்லை என்று தெரிந்ததும் அதை அரைத்துச் சலித்தார். அந்தச் சர்க்கரையைக் கூடுதலாகக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தவள் நான். கேக் என்று எழுதினால் அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று ரேஷன் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, ஆகவே 'சீர் வகை' என்று எழுதினேன். உண்மையும் அதுதான்.

அடி பிடிக்காமலிருக்க டின்னுக்குள் நெய் தடவிய செய்தித்தாள் போட்ட வருடம், கேக்கின் அடியில் தலைப்புச் செய்தி இடவலம் மாறி அச்சாகியிருந்தது. அப்பா அதைக் கண்ணாடியில் காட்டிப் படித்தார். வாழையிலை போட்ட வருடம் கொழுக்கட்டை வாசனை வந்தது. விறகடுப்பில் ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் மாவாக நின்றது. மரவாடியில் சும்மா கிடந்த மரத்தூளை அள்ளி வந்து, தகர அடுப்பின் நடுவில் பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் தூளை இடித்து, பாட்டிலை உருவி எடுத்துப் பற்றவைத்தார். அது புகைந்து அடங்கியபின் வெகுநேரம் ஒரே சீராக நின்று எரிந்தது. அன்றுதான் கேக்கின் நடுப்பகுதி முதல்முறையாகக் குழியவில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக, கடைசியில் அம்மா நிலைநிறுத்திய முறையை எழுதுகிறேன். மைதா இரண்டு பங்கு, பொடித்த சர்க்கரை ஒரு பங்கு, பாலாடையில் கடைந்த வெண்ணெய் அரைப் பங்கு, புளிக்காத தயிர் ஒரு பங்கு, ஆப்பசோடா இரண்டு சிட்டிகை. மாவை மூன்று தடவை சலிக்க வேண்டும். இரண்டு தடவை போதாதா என்று நான் கேட்டிருக்கிறேன், போதாது. மணல் முன்கூட்டியே காய்ந்திருக்க வேண்டும். சோடாவைத் தயிரில் போட்டதும் நுரைக்கும். அந்த நுரை அடங்குவதற்குள் மாவு டின்னுக்குள்ளும் டின் மணலுக்குள்ளும் போய்விட வேண்டும். டின் அண்டாவின் அடியைத் தொடக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், வெந்துவிட்டதா என்று பார்க்கும் ஆசையில் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் நடு உட்கார்ந்துவிடும். வாசனை வந்து மூக்கை முட்டிய பிறகுதான் ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் அப்பாவும் தம்பியும் நானும் தின்போம். அம்மா ஒரு துணுக்குக்கூட வாயில் வைக்க மாட்டார். எங்கள் முகத்தைப் பார்ப்பார். முகத்தில் என்ன தெரிந்ததோ, அடுத்த தடவை சோடா குறையும், அல்லது தயிர் கூடும்.

இதற்கிடையில் எனக்குக் குழந்தை பிறந்தது. அம்மா தன் வீட்டில் வைத்துப் பிரசவம் பார்த்தார். என் புகுந்த வீட்டில் நடந்த காதுகுத்துக்கும் வரவில்லை, பிறகு வந்த எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. ஒரு தடவை கால்வலி, ஒரு தடவை தீட்டு, ஒரு தடவை அப்பாவுக்குக் காய்ச்சல். "உங்கம்மா வரலியா?" என்று கேட்பவர்களிடம் அந்தக் காரணங்களை நானே சொன்னேன். காரணம் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது எனக்கு அலுவலகப் பழக்கம். என் மாமனாரோ ஒவ்வொரு ஜனவரி ஒன்றுக்கும் வருகிறவர்களிடமெல்லாம் "எங்க சம்பந்தியம்மா ஒரு கருவாட்டுக் கேக்கு கொண்டாந்தாங்க பாருங்க" என்று தொடங்கிவிடுவார். நான் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜனவரி ஒன்றுக்கு முந்தின நாள் வந்த கேக்கில் அம்மாவுக்கே குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "கடைக் கேக்குகூட இப்படி இருக்காதும்மா" என்றான் தம்பி. "கடைக்காரன் கேக்க யாரும் கருவாடுன்னு சொல்ல மாட்டாங்கடா" என்றார். ஆனாலும் மறுநாள் பட்டுப்புடவை கட்டி, கேக்கைப் புது டின்னில் வைத்துத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். என் புகுந்த வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். உள்ளே அந்த நேரம் பார்த்து என் மாமனாரின் குரல் கருவாட்டுக் கேக்குக் கதையில் இருந்தது, கூடம் சிரித்துக்கொண்டிருந்தது. நான் வாசல் பக்கம் பார்த்தபோது, தெரு திரும்பும் இடத்தில் ஒரு மாம்பழ நிறப் பட்டுப்புடவை மறைந்தது. அந்தக் கேக்கைத் தம்பியின் நண்பர்கள் தின்று தீர்த்தார்கள்.

சில வருடங்கள் கழித்து, ஒரு கார்த்திகை மாதத்தில் என் மாமனார் மாரடைப்பில் காலமானார்.

சாவு வீட்டுக்கு அழைப்பு வேண்டியதில்லை. போகாமலிருக்க எந்தச் சபதத்துக்கும் உரிமை இல்லை. கையில் இனிப்பு எடுத்துப் போகவும் முடியாது. அத்தனை வருடங்கள் கழித்து அம்மா அந்தப் படியை வெறுங்கையோடுதான் ஏறினார். என் மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா, சம்பந்தியம்மா?" என்று அழுதார். அம்மா தலையைத் தூக்கவில்லை.

கருமாதிக்குப் படையலில் என்னென்ன வைப்பது என்று பேச்சு வந்தது. இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைப்பது வழக்கம். பிராந்தி, சுருட்டு, கடை ரொட்டி, வாத்து முட்டை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். என் மாமியார் கடைசியாகச் சொன்னார்:

"கேக்கு. சம்பந்தியம்மா கையால செஞ்சது."

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து அவரே தொடர்ந்தார்: "கிண்டல் பண்ணலீங்க. வருஷா வருஷம் எல்லாரும் போனப்புறம் கேப்பாரு, இந்த வருஷமும் கருவாட்டுக் கேக்கு வரலியான்னு. ஒருநாளு சொன்னாரு, 'அந்தம்மா மொகம் செத்துப் போச்சுடி அன்னைக்கி. போயி ஒரு வார்த்த சொல்லணும். என்னன்னு போயிச் சொல்றது, வெக்கமா இருக்கு'ன்னு. அத மறைக்கத்தான் அந்தக் கதையவே திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரிச்சிக்கிட்டு இருந்தாரு."

ஊரையே கை குலுக்கி வரவேற்றவருக்கு, சில தெரு தள்ளி வர வெட்கம். அத்தனை வகை மணலையும் அடுப்பையும் சோதித்தவருக்கு, அந்தக் கூடத்துக்குள் ஒரு அடி வைக்க வெட்கம். நடுவில் தட்டோடு நின்றவள் நான். ஒரு வார்த்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சொல்ல எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

அம்மா செய்த கேக் கருமாதிப் படையலில், வாத்து முட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. இந்தத் தடவை அம்மா குங்குமம் வைக்கவில்லை. சூடம் காட்டி முடிந்ததும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். சொல்ல வேண்டியவர் படத்தில் இருந்தார். என் மாமியார் அம்மாவுக்கும் ஒரு துண்டு கொடுத்தார். "வீட்டுக்குப் போயிச் சாப்புடுறேங்க" என்று அம்மா இலைத்துண்டில் மடித்துக்கொண்டார். மறுநாள் நான் கேட்டேன்.

"சாப்பிட்டியாம்மா?"

"மதில்மேல வச்சேன். காக்கா எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்றார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது போலும்.

அதற்குப் பிறகு என் மாமியார் இருந்தவரை ஒவ்வொரு ஜனவரி ஒன்றுக்கும் அம்மா அந்த வீட்டுக்குக் கேக்கோடு வந்தார். வாயில் மட்டும் கடைசிவரை வைக்கவில்லை. அப்பா காலமான பின் தம்பி வீட்டில் இருந்தார். கடைசி மாதங்களில் கை நடுங்கும். அப்போதும் மாவு சலிக்கும் சத்தம் கேட்டால் சமையலறை வாசலில் வந்து நின்றுகொள்வார். போன வருடம், நோய் என்று பெரிதாக யாரையும் அலைக்கழிக்காமல், தூக்கத்திலேயே போய்விட்டார்.

அம்மாவின் கருமாதிக்கு இலை போட்டபோது தம்பி என்னிடம் கேட்டான்: "அம்மாவுக்கு என்னக்கா புடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. தம்பி மனைவியைக் கேட்டோம். "அத்த எதக் குடுத்தாலும் நல்லாருக்குன்னுதாங்க சாப்பிடுவாங்க" என்றார். அப்பாவுக்கு வெந்தயக் குழம்பு, தம்பிக்கு ரவா லட்டு, எனக்கு அவல் உப்புமா, என் மாமனாருக்குச் சுருட்டு வரை இங்கே எல்லோருக்கும் தெரியும். கடைசியில் யாரோ "கேக்கு வைங்க, அவங்க கேக்குன்னாதான் ஊருக்கே தெரியும்" என்றார்கள். வைத்தோம். அம்மா ஆயுள் முழுக்க வாயில் வைக்காத ஒன்றை, அம்மாவுக்குப் பிடித்தது என்று இலையில் வைத்துக் கும்பிட்டோம். அன்று நான் தலை குனிந்து நின்றதைப் பக்தி என்று நினைத்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

அம்மாவின் கடைசி நாட்களில் அவரைத் தூக்கி உட்காரவைத்த தம்பி மனைவிக்கும், கூப்பிட்ட நேரத்தில் வந்த மருத்துவருக்கும், காசு வாங்காமல் மரத்தூள் கொடுத்த மரவாடிக்காரர்களுக்கும், மணலைப் பற்றிச் சொல்லாமல் விட்டாலும் மற்றதெல்லாம் சரியாகச் சொல்லிக் கொடுத்த டீச்சருக்கும், தூரத்திலிருந்து வந்து துக்கத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒரு உதவி வேண்டும். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது தலைத் திதிக்கு இலை போட்டிருப்போம். அதில் ஒரு மூலை காலியாக இருக்கும். உங்களில் யாராவது அம்மாவோடு சின்ன வயதில் விளையாடியிருந்தால், ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அம்மா எதையாவது இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்திருந்தால், சாப்பிட்டுவிட்டுப் போகும்போது தம்பியிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.